பதினெட்டு வருடப் புரோஸ்தாத் கணக்கு



இந்த முறை எழுதப்போவது கூடத்தில் உட்கார்ந்து பேசுகிற விஷயம் இல்லை. சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கச் சொல்லுவோம். முழங்கால் ஆபரேஷனுக்கு ஆன செலவை ரூபாய் பைசா சுத்தமாகச் சொல்லுவோம். இடுப்புக்குக் கீழே வலி என்றால் மட்டும் "கொஞ்சம் யூரின் ட்ரபிள்" என்ற ஒரு வார்த்தையோடு பேச்சு நின்றுவிடும். பெண்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். வீட்டுக்காரர் ஏன் சினிமாவுக்கு வரமாட்டேன் என்கிறார், கல்யாண மண்டபத்தில் ஏன் வாசலோர நாற்காலியைத் தேடுகிறார் என்பதற்கு ஒருவேளை இதில் விடை கிடைக்கலாம்.

எனக்கு இருப்பது நாள்பட்ட புரோஸ்தாத் அழற்சி. இங்கிலீஷில் புராஸ்டடைட்டிஸ் என்பார்கள். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் என் வாயில் புரோஸ்தாத் என்றே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி இது. சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, நீர்க்குழாயைச் சுற்றி மோதிரம் போல இருக்கும். வாலிப வயதில் அக்ரூட் கொட்டை அளவு, ஏறக்குறைய 20 கிராம். கிரேக்க மொழியில் இந்தப் பெயருக்கு 'முன்னால் நிற்பவன்' என்று அர்த்தம். ஆபீசர் அறை வாசலில் நிற்கும் பியூன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பியூன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் எந்த ஃபைலும் வெளியே வராது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே.

இந்தச் சுரப்பிக்கு வரும் தொல்லைகளை நம் ஆட்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள். வயதாக ஆகச் சுரப்பி பெருப்பது ஒன்று. அதில் நீர் மெதுவாகப் போகும், இரவில் நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் பொதுவாக வலி இருக்காது. புற்றுநோய் இன்னொன்று. ஆரம்பத்தில் அது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. மூன்றாவதுதான் அழற்சி. இதன் அடையாளமே வலி. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள இடத்தில், அடிவயிற்றில், கீழ் முதுகில், சில நேரம் குறியின் நுனியில் கூட. உட்கார்ந்தால் கோலிக்குண்டின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். நீர் போகும்போது எரியும், போய் வந்த பத்தாவது நிமிடம் மறுபடி போகவேண்டும் போலிருக்கும். கடந்த ஆறு மாதத்தில் மூன்று மாதமாவது இப்படி இருந்தால் நாள்பட்டது என்று டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இது ஆரம்பித்தது 2006-இல், சர்வீஸில் இருக்கும்போதே. வயது 56. 1972-இல் எல்.டி.சி.யாகச் சேர்ந்ததிலிருந்து கணக்குப் பிரிவிலேயே காலம் தள்ளியவன் நான். காலை முதல் மாலை வரை மர நாற்காலி. வீட்டிலிருந்து ஆபீசுக்கும் ஆபீசிலிருந்து வீட்டுக்கும் சைக்கிள். புதுச்சேரியில் என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் இதே கதைதான். ஆகவே நாற்காலியால் வந்தது, சைக்கிளால் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வந்த வலியை இரண்டும் அதிகமாக்கின, அது நிச்சயம்.

முதலில் போனது ஒரு தனியார் கிளினிக். பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார், ஆன்டிபயாடிக் எழுதினார். நான்கு வாரம் சாப்பிட்டேன். கொஞ்சம் குறைந்தது, மறுபடி வந்தது. மறுபடி அதே வகை மருந்து, வேறு கம்பெனி. இப்படி 14 மாதத்தில் ஐந்து கோர்ஸ். இந்த ஐந்தில் ஒரு தடவை கூட நீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. என்ன கிருமி என்று தெரியாமல் எந்தக் கிருமியைக் கொல்கிறார்கள் என்று கணக்குப் பிரிவுக்காரனுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும். வவுச்சர் இல்லாமல் பில் பாஸ் ஆகாது. நான் கேட்டேன். "எல்லாம் கிருமிதான் சார்" என்று பதில் வந்தது. கடைசியாக 2007 டிசம்பரில், "மருந்துக்குக் கேக்கல. உள்ளே குழாய் விட்டுச் சுரண்டி எடுத்துடலாம், வலி போயிடும்" என்றார்கள். பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையில் வேறு 5.8 என்று வந்திருந்தது. வழக்கமாக 4-க்கு மேல் போனால் கவனிக்கச் சொல்வார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அந்த வருடம் பிரான்சில் இருக்கும் என் மகனுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. ஞானஸ்நானமோ காதுகுத்தோ எதுவானாலும் அப்பா வரவேண்டும் என்று மகன் டிக்கெட் போடத் தயாராக இருந்தான். பத்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் எப்படி உட்காருவேன்? மனைவியை மட்டும் அனுப்பினேன். "ஆபீசில் ஆடிட்" என்று மகனிடம் சொன்னேன். ஆடிட் உண்மையாகவே இருந்தது, அது வேறு விஷயம்.

யோசிக்க எடுத்துக்கொண்ட அந்த வாரங்களில் சனிக்கிழமைதோறும் ரொமேன் ரொலான் நூலகத்துக்குப் போவேன். அங்கே பழைய பிரெஞ்சுப் புத்தகங்களுக்கு இடையில் ரூஸோவின் சுயசரிதை கண்ணில் பட்டது. ழான் ழாக் ரூஸோவைப் பள்ளியில் பாடமாகப் படித்திருக்கிறோம். ஆனால் எங்கள் மெத்ர் நடத்திய பகுதிகளில் மரம், ஏரி, தனிமை, இயற்கை எல்லாம் இருந்ததே தவிர மூத்திரம் இல்லை. புத்தகத்தில் நிறையவே இருக்கிறது. மனிதர் பிறந்ததிலிருந்து நீர் பிரியாத தொல்லையோடு வாழ்ந்தவர்.

1752-இல் அவர் எழுதிய இசை நாடகம் பதினைந்தாம் லூயி மன்னர் முன்னால் நடந்தது. மன்னருக்குப் பிடித்துப்போய் மறுநாள் நேரில் வரச் சொன்னார். பென்ஷன் கொடுப்பார் என்று பேச்சு. ரூஸோ போகவில்லை, ஊரைவிட்டே கிளம்பிவிட்டார். அவருடைய கொள்கை, கூச்ச சுபாவம் என்று காரணங்கள் உண்டு. ஆனால் முதலில் மனதில் வந்த கவலை, அரண்மனையில் அத்தனை பேர் நடுவில் காத்து நிற்கும்போது அடிக்கடி வெளியே போகவேண்டி வந்தால் என்ன செய்வது என்பதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். பென்ஷனையே விட்டுவிட்டு ஓடவைக்கும் வலி என்றால் நம் வாசகர்களுக்கு அதன் கனம் புரியும். பிறகு சுவிட்சர்லாந்தில் இருந்தபோது அர்மீனியர்கள் உடுத்தும் நீண்ட அங்கியைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். பார்த்தவர்கள் இவருக்கு என்ன வேஷம் என்று சிரித்தார்கள். இந்த நோய்க்கு இறுக்கமான கால்சட்டையை விட அதுவே வசதி என்பது அவர் சொன்ன காரணம். நம் வேட்டியின் அருமையை ஐரோப்பா அறியவில்லை, பாவம்.

எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு இடம். கல்லெடுக்கும் சிகிச்சையில் பெயர்பெற்ற ஒரு துறவி, ஃப்ரேர் கோம் என்பவர், சலாகை விட்டு ரூஸோவைப் பரிசோதித்தார். கல் எதுவும் இல்லை, புரோஸ்தாத்துதான் கெட்டியாகப் பெருத்திருக்கிறது என்றார். கஷ்டப்படுவீர்கள், ஆனாலும் நெடுநாள் இருப்பீர்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். ரூஸோ 66 வயது வரை இருந்தார். 1778-இல் இறந்த பிறகு உடலை அறுத்துப் பார்த்தபோது சிறுநீர்ப்பையிலும் குழாயிலும் குறிப்பிடும்படி ஒன்றும் தென்படவில்லை. அவருக்கு வந்தது என்ன நோய் என்று இன்றுவரை டாக்டர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு வந்ததுதான் அவருக்கும் வந்தது என்று நான் சொந்தம் கொண்டாட மாட்டேன். ஆயுள் முழுக்க வலித்த இடத்தில் அறுத்துப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை என்ற ஒரு வரிச் செய்தி மட்டும் மனதில் தங்கிவிட்டது. ஒன்றும் இல்லாத இடத்தை எதற்குச் சுரண்டுவது?

2008 பிப்ரவரியில் என் ரிப்போர்ட்டுகளை எல்லாம் தேதி வாரியாக ஒரு ஃபைலில் கோத்து எடுத்துக்கொண்டு, ஓய்வுபெறும் வயதிலிருந்த ஒரு யூராலஜி டாக்டரைப் பார்த்தேன். ஃபைலைப் புரட்டிவிட்டு, "எந்த டிபார்ட்மென்ட் ஐயா நீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். அக்கவுன்ட்ஸ் என்றேன். "தெரியுது" என்றார்.

அவர் செய்தது எளிமையான பரிசோதனை. முதலில் ஒரு கப்பில் நீர் பிடிக்கச் சொன்னார். பிறகு ஆசனவாய் வழியாகக் கையுறை போட்ட விரலால் சுரப்பியை அழுத்தித் தேய்த்துவிட்டு, இரண்டாவது கப்பில் பிடிக்கச் சொன்னார். இரண்டும் கல்ச்சருக்குப் போயின. சுரப்பிக்குள் கிருமி ஒளிந்திருந்தால் இரண்டாவது கப்பில் மாட்டிக்கொள்ளும். என்னுடைய இரண்டு கப்பிலும் எதுவும் வளரவில்லை. பரிசோதிக்கும்போதே அவர் இன்னொன்றும் செய்தார். சுரப்பியை அழுத்தி, "இங்க வலிக்குதா?" என்றார். கொஞ்சம் என்றேன். விரலைப் பக்கவாட்டில் நகர்த்தி அங்கிருந்த தசையை அழுத்தினார். மேஜையிலிருந்து எழுந்தே விட்டேன். ஒன்றரை வருடமாக என்னைத் தூங்கவிடாத அதே வலி, அச்சு அசலாக.

"இதான் ஐயா உங்க வலி. சுரப்பியில இல்ல, இடுப்புத் தளத்துத் தசையில. கயிறு முறுக்கின மாதிரி இறுகிக் கிடக்குது" என்றார்.

பிறகு விளக்கினார். நாள்பட்ட புரோஸ்தாத் அழற்சி என்று பெயர் வைக்கப்படுவதில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கிருமியே கிடையாது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் இந்த நோயை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறது. திடீரென்று வரும் கிருமித் தொற்று முதல் வகை. திரும்பத் திரும்ப வரும் கிருமித் தொற்று இரண்டாவது. கிருமி இல்லாத நாள்பட்ட இடுப்பு வலி மூன்றாவது. எந்த வலியும் இல்லாமல் வேறு பரிசோதனையில் தற்செயலாகத் தெரிவது நான்காவது. நான் மூன்றாம் வகை. "அழற்சின்னு பேர் இருக்கு. ஆனா பாதிப் பேருக்கு அழற்சியே இருக்காது. பேரை மாத்த முடியல, நாங்களும் அப்படியே சொல்லிட்டிருக்கோம்" என்றார். ஆபீசில் பல செக்‌ஷன்களுக்கும் இதே நிலைமைதான்.

சுரண்டும் ஆபரேஷனைப் பற்றிக் கேட்டேன். சுரப்பி பெருத்து வழியை அடைத்தால் அது நல்ல ஆபரேஷன், ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பலன் தந்தது என்றார். எனக்குச் சுரப்பி 28 கிராம், நீர் தாராளமாகப் போகிறது, பையில் மிச்சம் நிற்பதில்லை. வலிக்காக மட்டும் அதைச் செய்யக்கூடாது என்றார். பி.எஸ்.ஏ.யையும் பயப்படாமல் தள்ளிவைக்கச் சொன்னார். சுரப்பி கலவரப்பட்டிருக்கும்போது அந்த எண் ஏறும். எட்டு வாரம் கழித்து எடுத்தபோது 2.9. இந்த வலி புற்றுநோயாக மாறும் என்பதற்கு நிரூபணம் இல்லை என்பதையும் அழுத்திச் சொன்னார். அன்றிரவுதான் பல மாதங்களுக்குப் பிறகு தூங்கினேன். மாத்திரை எதுவும் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

குதிகால் நரம்பு வலிக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். உடனே முகம் மாறி, ஃபைலில் ஆன்டிபயாடிக் பெயரைப் பார்த்தார். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை. இந்த வகை மருந்து தசைநாரைப் பாதிக்கலாம், குறிப்பாகக் குதிகாலுக்கு மேலுள்ள பெரிய நாரை. அறுபதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து அதிகம். அதே 2008-இல்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த மருந்துகளுக்குக் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தச் சர்க்கரையையும் ஏற்றி இறக்கும்.

ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சில வருடங்களுக்கு முன் என் சொல்தா நண்பர் ஒருவருக்கு (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம்) ஒரே நாளில் கடும் காய்ச்சல், பல் கிட்டும் அளவுக்குக் குளிர் நடுக்கம், நீர் சொட்டுக்கூடப் போகவில்லை. அது முதல் வகை. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள், பிழைத்தார். அந்த நிலையில் கஷாயம் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். கல்ச்சரில் கிருமி தெரிந்த இரண்டாம் வகைக்கும் நான்கு முதல் ஆறு வாரம் மருந்து வேண்டும், நடுவில் நிறுத்தக்கூடாது.

இனி எனக்குச் செய்த வைத்தியம். டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. சுரப்பியிலும் பையின் கழுத்திலும் உள்ள தசையைத் தளர்த்தும். ஆரம்பத்தில் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஆகவே எழுந்து உட்கார்ந்து, முப்பது எண்ணிவிட்டு நிற்பேன். இன்றும் அப்படித்தான்.

அடுத்தது பிசியோதெரபி. இதுதான் என்னைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். கேகல் பயிற்சி என்று ஒன்றைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், நீரை அடக்குவது போலத் தசையை இறுக்குவது. நீர் கசிகிறவர்களுக்கு நல்லது. ஏற்கெனவே இறுகிக் கிடக்கிறவன் அதைச் செய்தால் வலி கூடும். எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதற்கு நேர் எதிரானது. மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்போடு அணைத்துக்கொள்வது, பாலாசனம், பிடிமானத்தோடு குந்தி உட்காருவது. எல்லாவற்றிலும் மூச்சை வயிற்றுக்குள் இழுத்து, இழுக்கும்போது அடித்தளம் கீழே தளர்வதைக் கவனிப்பது. முதல் மூன்று வாரம் எதுவும் தளரவில்லை. எதைத் தளர்த்த வேண்டும் என்பதே பிடிபடவில்லை. பிறகு ஒரு நாள் கேஷ் புத்தகத்தில் கூட்டல் போடும்போது கவனித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், கீழேயும் கடித்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்தைந்து வருடமாக அப்படித்தான் கூட்டியிருக்கிறேன் போலிருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் இந்த வழியில் வைத்தியம் செய்த டேவிட் வைஸ் என்ற உளவியலாளர், தாமே இந்த நோயால் அவதிப்பட்டவர். 2003-இல் ராட்னி ஆண்டர்சன் என்ற யூராலஜி டாக்டரோடு சேர்ந்து புத்தகமே எழுதினார். அதன் தலைப்பு 'இடுப்புக்குள் ஒரு தலைவலி' என்று தமிழில் வரும். இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது, வெந்நீர். இளஞ்சூடான தண்ணீரில் இடுப்பு நனையப் பதினைந்து நிமிடம் உட்காருவது. பிரெஞ்சில் 'பேன் தெ சியேஜ்' என்று கௌரவமான பெயர் உண்டு. இதற்கு டப் வேண்டும். டப் வேண்டுமென்றால் மனைவியிடம் காரணம் சொல்லவேண்டும்.

அதுவரை அவளுக்கு யூரின் ட்ரபிள் என்ற அளவில்தான் தெரியும். எங்கள் தலைமுறையில் கணவன் மனைவிக்குள் இதற்கு வார்த்தை கிடையாது. இந்த வலி தாம்பத்தியத்துக்குப் பிறகு இரண்டு நாள் நின்று வதைக்கும். ஆகவே ஆண் விலகிப் போவான், காரணம் சொல்ல மாட்டான். டாக்டர் சொன்னதை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"இவ்வளவுதானா?" என்றாள். "எம்மேல ஏதோ மனக்கசப்புன்னு ஒன்றரை வருஷமா நெனச்சிக்கிட்டிருக்கேன்."

சாயந்திரமே காந்தி வீதியின் ஞாயிறு சந்தைக்குப் போய்ப் பெரிய பிளாஸ்டிக் டப் ஒன்று வாங்கிவந்தாள். பேரனைக் குளிப்பாட்டவா என்று கடைக்காரர் கேட்டாராம். ஆமாம் என்றாளாம். கிருமி இல்லாத இந்த வகை மனைவிக்கு ஒட்டாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பல வீடுகளில் வாய்விட்டுக் கேட்கப்படாத கேள்வி அது. சுவர் விளம்பரம் செய்து லாட்ஜில் அறை எடுத்து உட்காருகிற வைத்தியர்கள், வாலிப வயதுத் தவறு என்று பயமுறுத்திப் பணம் பிடுங்குவதும் இந்த மௌனத்தை நம்பித்தான்.

நான் கணக்குக்காரன் ஆனதால் வலிக்கும் லெட்ஜர் போட்டேன். டாக்டர் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். வலிக்கு 21, நீர்த் தொல்லைக்கு 10, அன்றாட வாழ்க்கை எவ்வளவு கெட்டது என்பதற்கு 12, மொத்தம் 43 மதிப்பெண். குறைய வேண்டிய மதிப்பெண். 6 குறைந்தால் நோயாளியே உணரும் முன்னேற்றம் என்று சொல்கிறார்கள். 2008 பிப்ரவரியில் எனக்கு 27. ஆகஸ்டில் 19. அடுத்த பிப்ரவரியில் 12. பூஜ்யம் இதுவரை வந்ததில்லை. மழைக்காலத்திலும், வீட்டில் ஏதாவது சச்சரவு வந்தாலும் 16, 17 என்று ஏறும், பிறகு இறங்கும். ஏறும்போது புதிதாக ஏதோ வந்துவிட்டது என்று ஓடாமல், வெந்நீரையும் மூச்சையும் கூட்டிக்கொண்டு இரண்டு வாரம் பார்ப்பேன். காய்ச்சல் வந்தாலோ, நீரில் ரத்தம் தெரிந்தாலோ, நீர் நின்றாலோ காத்திருக்கக்கூடாது.

சாப்பாட்டில் பெரிய பத்தியம் இல்லை. மிளகாயும் காப்பியும் எனக்குக் கூட்டுகின்றன என்று லெட்ஜர் காட்டியது. காப்பியைக் காலையில் ஒன்றோடு நிறுத்தினேன். நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும் இன்னொரு திரவமும் கூட்டும். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, இருக்கிறவர்கள் தாங்களே கணக்கு எழுதிப் பார்க்கலாம். மலச்சிக்கல் கூடவே கூடாது, முக்கினால் அதே தசைதான் இறுகும். பார்லித் தண்ணீரும் நெருஞ்சில் கஷாயமும் சொல்லாத உறவினர் இல்லை. பார்லி குடிக்கிறேன், பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். சைக்கிளுக்கு நடுவில் பள்ளமுள்ள சீட் மாற்றினேன். பிறகு அரை மணிக்கு மேல் மிதிப்பதில்லை. ஆபீசில் முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து ரிக்கார்டு அறை வரை நடந்துவருவேன். மேலதிகாரிக்கு முதலில் பிடிக்கவில்லை, ஃபைல் வேகம் குறையவில்லை என்று பார்த்ததும் விட்டுவிட்டார்.

2009 மே மாதம் பிரான்சுக்குப் போனேன். நடைபாதையோர சீட், நடுவில் பள்ளம் வெட்டிய மெத்தை, இரண்டு மணிக்கொரு தடவை விமானத்தின் வால்பக்கம் போய் நின்று மூச்சுப் பயிற்சி. பணிப்பெண் என்னைப் பார்த்துப் பயந்துபோய், "சா வா, முசியே?" என்று கேட்டாள். "சா வா" என்றேன். பேரனுக்கு அப்போது ஒன்றரை வயது. என்னைப் பார்த்ததும் அழுதான். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டான்.

பிரான்சில் பேச்சுவாக்கில் நினைவுக்கு வந்த ஒன்று. மித்தெரான் ஜனாதிபதியான 1981-லேயே அவருக்கு புரோஸ்தாத் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. நாட்டுக்குத் தெரிந்தது 1992-இல். நடுவில் பதினோரு வருடம் நலமாக இருக்கிறார் என்றே அறிக்கைகள் வெளிவந்தன. அவர் 1996 ஜனவரியில் இறந்ததும் அவருடைய டாக்டர் குப்ளேர் புத்தகம் எழுதி உண்மையைச் சொன்னார், நீதிமன்றம் புத்தகத்தைத் தடுத்தது. என் சொல்தா நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "அவருக்காவது ராஜ ரகசியம், நமக்கு என்னய்யா?" என்றார்.

கடைசியாக, நம் வயதுக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள். ஜலதோஷத்துக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் சில, சுரப்பி பெருத்தவர்களுக்கு நீரை அடியோடு நிறுத்திவிடும். நாள்பட்ட வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் அப்படிச் செய்யலாம். எது வாங்கினாலும் புரோஸ்தாத் தொல்லை உண்டு என்று சொல்லி வாங்குங்கள். இரண்டாவது, டாம்சுலோசின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அல்லது முன்பு சாப்பிட்டு நிறுத்தியவர்கள் கூட, கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் கண் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆகவேண்டும். இந்த மருந்து கண்ணின் கருவிழித் திரையையும் தளர்த்திவிடும், ஆபரேஷன் நடுவில் அது தொளதொளவென்று குறுக்கே வரும். 2005-இல்தான் டாக்டர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்ற ஏற்பாட்டோடு செய்வார்கள். நாமாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

எனக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. போன வாரம் போனபோது, வாசலில் கொடுத்த படிவத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மட்டும் கட்டம் இருந்தது. கீழே மார்ஜினில் டாம்சுலோசின், 2008 முதல், இரவு ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கண் டாக்டர் அம்மா அதன் கீழே சிவப்பு மையில் கோடு போட்டார். ஆபரேஷன் அடுத்த மாதம் 12-ஆம் தேதி. அதற்குப் பிறகு சில வாரம் இந்தப் பக்கத்தில் புதிதாக எதுவும் வராது.